அப்பாவின் கப்பல் டிக்கெட்டும் நான் போட்ட தலைப்பும்!

"நீ எழுதினதைப் படிச்சுட்டுதாம்மா பணம் கட்டினேன்" என்றார் அப்பா.

குறையாகச் சொல்லவில்லை. கொஞ்சம் வெட்கமும் கொஞ்சம் பெருமையுமாகச் சொன்னார். டைனிங் டேபிளில் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் இருந்த போனை என் பக்கமாகத் தள்ளினார். திரையில் ஒரு வாட்ஸ்அப் மெசேஜ். 'பேமென்ட் ரிசீவ்டு சார். ஹேப்பி க்ரூஸ்!' கீழே ஒரு கப்பல் எமோஜி, இரண்டு கும்பிடு எமோஜி.

25,000 ரூபாய். அட்வான்ஸ்.

இது நடந்தது 2025 மே மாதம். எங்கள் வீடு மந்தைவெளியில். அப்பா ஒரு தனியார் கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் பிரிவில் 34 வருஷம் இருந்துவிட்டு, அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். ஜூலையில் அவர்களுக்கு 30-வது திருமண நாள். அம்மாவுக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்து, சென்னையிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலில் கூட்டிப்போக வேண்டும் என்பது அவருடைய ரகசியத் திட்டம்.

இந்தக் கப்பல் ஆசைக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. என் தாத்தா பினாங்கில் ஒரு கடையில் கணக்கு எழுதியவர். 'ரஜுலா' கப்பலில்தான் போனார், வந்தார். 1926-ல் கட்டப்பட்டு, 1970-களின் தொடக்கம்வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல் அது. டெக்கில் பாய் விரித்துப் படுத்தபடி கடலைத் தாண்டிய கதையைத் தாத்தா சொல்லிச் சொல்லி, அப்பாவுக்குக் கப்பல் என்றாலே குடும்பச் சொத்து மாதிரி. ஆனால், அவர் கப்பலைப் பார்த்ததெல்லாம் மெரினா மணலில் நின்றுகொண்டுதான்.

இனி என் பங்கு. நான் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். காலையில் மெயிலில் வரும் பத்திரிகைக் குறிப்புகளை எடுத்து, தலைப்பு மாற்றி, நாலு பத்தி எழுதி, போட்டோ வைத்து வெளியிடுவதும் என் வேலைகளில் ஒன்று. அப்படி ஒரு நாள் எழுதியதுதான் 'சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல்... எவ்வளவு செலவாகும், எப்படி புக் செய்வது?' என்ற கட்டுரை. எழுத 20 நிமிஷம் ஆகியிருக்கும். நன்றாகவே ஓடியது. அப்பா அதைத் தன் நண்பர்கள் எல்லோருக்கும் ஃபார்வர்டு செய்திருந்தார்.

அன்று காலை அந்தக் கட்டுரையை மறுபடி திறந்து பார்த்தேன். 'எப்படி புக் செய்வது?' என்று தலைப்பிலேயே கேட்டிருக்கிறேன். அதற்குக் கட்டுரைக்குள் நான் சொல்லியிருந்த பதில் ஒரே ஒரு வரி: 'இணையதளத்திலோ டிராவல் ஏஜென்டுகள் மூலமாகவோ முன்பதிவு செய்யலாம்.'

எந்த ஏஜென்ட், எப்படிப்பட்ட ஏஜென்ட் என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்கே தெரியாதபோது எப்படி எழுதுவேன்?

"புக்கிங் நம்பர் எங்கப்பா?"

"பேலன்ஸ் கட்டினதும் தருவாங்களாம்."

'கன்ஃபர்மேஷன்' என்று ஒரு பி.டி.எஃப் வந்திருந்தது. முக்கால் பக்கத்துக்குக் கப்பல் படம். கால் பக்கத்தில் அப்பா, அம்மா பெயர்கள். அம்மா பெயரில் எழுத்துப் பிழை. எந்தத் தேதியில் கிளம்பும் என்று இருந்தது. எந்த வகை கேபின், ஜன்னல் உண்டா இல்லையா, கேன்சல் செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பது எதுவும் இல்லை. பணம் போன விவரத்தைத் திறந்தால், யு.பி.ஐ-யில் வந்திருந்த பெயர் கம்பெனி பெயரே அல்ல. யாரோ ஒரு தனிநபர் பெயர்.

"அபார்ட்மென்ட் குரூப்ல வந்துச்சும்மா. ஆபீஸுக்கு நேர்லயே போய்ப் பார்த்தேன். தி.நகர்ல பெரிய ஆபீஸ்தான்" என்றார். குரல் இறங்கிவிட்டது. 34 வருஷம் மற்றவர்களுடைய வவுச்சரில் ஒரு கையெழுத்து குறைந்தால்கூடத் திருப்பி அனுப்பிய மனிதர் அவர்.

அன்று மத்தியானம் இருவருமாகத் தி.நகர் போனோம். பாண்டி பஜாரிலிருந்து பிரியும் ஒரு தெருவில், மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். ஏ.சி., கண்ணாடிக் கதவு, ரிசப்ஷன் மேஜையில் ஒரு முழம் நீளத்துக்குக் கப்பல் பொம்மை. என் வயதுதான் இருக்கும், ஒரு பையன் ஜூஸ் கொடுத்து உபசரித்தான். எதைக் கேட்டாலும் "நோ பிராப்ளம்." ஜன்னல் கேபினா? "அப்கிரேடு பண்ணித் தந்துடலாம்." புக்கிங் நம்பர்? "குரூப் புக்கிங் மேம், கடைசியிலதான் நேம் லிஸ்ட் போகும்." துறைமுகக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்தா? "எல்லாம் பார்த்துக்கலாம் மேம்." பேலன்ஸை இன்று கட்டினால் மட்டும் இன்னொரு 3,000 ரூபாய் தள்ளுபடியாம்.

ஜி.எஸ்.டி எண் கேட்டேன். லெட்டர்ஹெட்டில் இருக்கிறது என்று ஒரு தாளைக் கொடுத்தான்.

கீழே இறங்கி, நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து ஜி.எஸ்.டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், லாகின் தேவையில்லை. பதிவு செய்த சட்டபூர்வப் பெயர், கடைப் பெயர், எந்தத் தேதியிலிருந்து பதிவு, இப்போதைய நிலை எல்லாம் வரும். அந்த 15 இலக்க எண்ணே ஒரு குட்டி ஜாதகம் என்பதை அப்பாதான் அங்கே வைத்துச் சொன்னார். முதல் இரண்டு எண் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அந்த வியாபாரத்தின் பான் எண். அதில் நான்காவது எழுத்து 'சி' என்றால் கம்பெனி, 'எஃப்' என்றால் கூட்டு நிறுவனம், 'பி' என்றால் தனி மனிதர். போர்டில் 'பிரைவேட் லிமிடெட்' என்று போட்டுவிட்டு, எண்ணில் தனி மனிதருடைய பான் இருந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

எங்களுக்கு அந்த அளவுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. நிலை என்ற இடத்தில் 'ரத்து செய்யப்பட்டது' என்று இருந்தது.

"முப்பது வருஷமா இதைத்தாம்மா பார்த்தேன். எனக்குன்னு வரும்போது பார்க்கலை" என்றார் அப்பா. ஏன் பார்க்கவில்லை என்று நான் கேட்கவில்லை. பெண் எழுதியது, பெண் வேலை செய்யும் பத்திரிகையில் வந்தது என்ற நம்பிக்கைக்குப் பக்கத்தில் ஜி.எஸ்.டி எண் யாருக்கு ஞாபகம் வரும்?

கப்பல் நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணுக்கு அங்கிருந்தே பேசினேன். இந்தப் பெயர்களில் எந்தப் பதிவும் இல்லை என்றார்கள். இதை வைத்து மட்டும் மோசடி என்று முடிவு கட்டிவிட முடியாது. மொத்தமாகக் கேபின்களைப் பிடித்து வைத்து, பிறகு பயணிகள் பெயரைச் சேர்ப்பது இந்தத் தொழிலில் உண்டு. ஆனால், ரத்தான ஜி.எஸ்.டி., தனிநபர் கணக்கு, எழுத்தில் எதுவும் இல்லாத பேச்சு எல்லாம் சேரும்போது அந்தப் பக்கம் இன்னொரு ரூபாய் போகக் கூடாது என்பது தெரிந்துவிட்டது.

அந்த வாரம் முழுக்க ஆபீஸ் வேலைக்கு நடுவில் இதைத்தான் படித்தேன். எனக்கு ஆச்சர்யமாக இருந்த விஷயம், டிராவல் ஏஜென்ட் என்று போர்டு மாட்ட, நாடு முழுவதற்குமான கட்டாய லைசென்ஸ் எதுவும் இல்லை. மத்திய சுற்றுலா அமைச்சகம் ஏஜென்டுகளுக்கு அங்கீகாரம் கொடுக்கிறது. ஆனால், அது விரும்பினால் வாங்கிக்கொள்ளும் அங்கீகாரம். 1951-ல் தொடங்கிய டாய் போன்ற சங்கங்களில் உறுப்பினராக இருப்பதும் அவரவர் விருப்பம். சுவரில் மாட்டியிருக்கும் 'அயாட்டா' சான்றிதழைப் பலர் பெரிதாக நினைக்கிறோம். அது விமான டிக்கெட் விற்பதற்கான தகுதியைத்தான் சொல்லும், கப்பலைப் பற்றி அல்ல. இவையெல்லாம் இருந்தால் நல்லதுதான், ஏஜென்ட் தொழிலை ஒழுங்காகச் செய்ய நினைக்கிறார் என்பதற்கு ஓர் அடையாளம். ஆனால், நம் பணத்துக்கு அவை காவல் இல்லை.

பிரிட்டனில் பேக்கேஜ் டூர் விற்பவர்கள், தாங்கள் திவாலானாலும் பயணிகளின் பணம் பத்திரமாக இருக்க ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்பது சட்டம். 2019 செப்டம்பர் 23-ம் தேதி அங்கிருந்த தாமஸ் குக் நிறுவனம் ஒரே ராத்திரியில் மூடியபோது, வெளிநாடுகளில் மாட்டிக்கொண்ட சுமார் ஒன்றரை லட்சம் பேரை அரசே திரும்ப அழைத்து வந்தது. (இங்கே இருக்கும் தாமஸ் குக் வேறு நிறுவனம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) நம் ஊரில் அப்படி ஒரு கட்டாய நிதிப் பாதுகாப்பு கிடையாது.

ஏஜென்டை விடுங்கள், கப்பலுக்கே உத்தரவாதம் இல்லை. 2019-ல் மும்பையிலிருந்து 'ஜலேஷ்' என்ற பெயரில் பெரிய விளம்பரத்தோடு ஒரு கப்பல் சேவை தொடங்கியது. கப்பலின் பெயர் கர்ணிகா. கொரோனா வந்தது, 2020 அக்டோபரில் நிறுவனமே மூடப்பட்டது. கர்ணிகா ஏலத்தில் போய், குஜராத்தின் அலங் கடற்கரையில் உடைக்கப்பட்டது. பணம் கட்டும் நேரத்தில் கப்பலின் பளபளப்பைத்தான் பார்க்கிறோம். கப்பல் வராமல் போனால் யாரிடம் கேட்பது என்று பார்ப்பதில்லை.

அந்தச் சனிக்கிழமை, மயிலாப்பூர் கச்சேரி ரோடு பக்கம் அப்பாவுக்குத் தெரிந்த ஒரு பழைய டிராவல்ஸுக்குப் போனோம். காசி, கயா, ராமேஸ்வரம் என்று யாத்திரைக்கு ஆள் கூட்டிப்போகிறவர். மெட்ரோ வேலைக்காக லஸ் பக்கம் சாலையை மறித்திருந்ததால், சுற்றிச் சுற்றிப் போய்ச் சேர அரை மணி நேரமானது. எட்டுக்குப் பத்து அறை. இரண்டு ஸ்டீல் பீரோ. மின்விசிறிச் சத்தத்தில் பாதிப் பேச்சு கேட்கவில்லை. பெரியவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும்.

"கப்பல்னா எனக்கு சிதம்பரம் கப்பல்தாம்மா தெரியும்" என்று ஆரம்பித்தார். 'எம்.வி. சிதம்பரம்'. ரஜுலாவுக்குப் பிறகு சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் வழியில் ஓடிய அரசுக் கப்பல். 1985-ல் நடுக்கடலில் தீப்பிடித்து, உயிர்ச் சேதம் ஆகி, அதோடு அந்தப் பயணிகள் சேவை முடிந்துபோனது. இளைஞராக இருந்தபோது அந்தக் கப்பலுக்கு டிக்கெட் போடும் ஆபீஸ் ஒன்றில் எடுபிடியாக இருந்தாராம். அப்பாவும் அவரும் அரை மணி நேரம் பினாங்கு பேசினார்கள். எனக்கு அவசரம். ஆனாலும் அந்த வாரத்தில் அப்பா முதல் முறையாகச் சிரித்ததைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

"நீங்களே எங்களுக்கு இந்தக் கப்பலைப் போட்டுத் தர முடியுமா சார்?" என்று கேட்டேன்.

"முடியும்மா. யார்கிட்டயாவது கேட்டுப் போட்டுத் தருவேன், எனக்கும் கமிஷன் வரும். ஆனா உங்க அப்பா நாளைக்கு ஒரு சந்தேகம் கேட்டா எனக்குப் பதில் தெரியாது. நான் இந்த மாதிரி கப்பல் பண்ணதே இல்ல. அடையாறுல ஒரு அம்மா இருக்காங்க, அவங்களுக்கு இதான் வேலை. அங்க போங்க" என்று ஒரு நம்பரை எழுதிக் கொடுத்தார்.

தி.நகர் ஆபீஸில் அத்தனை கேள்விக்கும் பதில் இருந்தது. இவர் ஒரே கேள்விக்குத் தெரியாது என்றார். நாங்கள் நம்பியது இவரைத்தான்.

அடையாறில், எல்.பி. ரோட்டை ஒட்டிய குடியிருப்புத் தெரு ஒன்றில் வீட்டின் முன்னறையையே ஆபீஸாக வைத்திருந்தார் அந்த அக்கா. நாற்பதைத் தாண்டியிருப்பார். கப்பல் பொம்மை இல்லை. பிள்ளையின் ஸ்கூல் பை நாற்காலியில் கிடந்தது. அதை எடுத்துவிட்டு அப்பாவை உட்காரச் சொன்னார்.

நாங்கள் விலை கேட்பதற்குள் அவர் கேட்டார்: "அம்மாவுக்கு முழங்கால் எப்படி சார்?"

அப்பா திகைத்துப்போனார். "ஏன் கேக்கறீங்க? கொஞ்சம் வலி இருக்கு. படி ஏறினா..."

"புதுச்சேரியில கப்பல் கரைக்கு வராது சார். அவ்ளோ பெரிய கப்பல் நிக்க அங்க ஆழம் கிடையாது. கடல்லயே நிறுத்திட்டு, சின்ன போட்ல இறக்கித்தான் கரைக்குக் கூட்டிட்டுப் போவாங்க. அலை இருந்தா போட் ஆடும். கப்பலுக்கும் போட்டுக்கும் நடுவுல கால் வைக்கணும். முழங்கால் வலி இருக்கறவங்க சில பேர் இறங்காம கப்பல்லயே இருந்துடுவாங்க. கடல் ரொம்ப மோசமா இருந்தா யாரையுமே இறக்க மாட்டாங்க. இது தெரிஞ்சு வர்றதுன்னா வாங்க."

விற்க உட்கார்ந்தவர், விற்பனை கெட்டுப்போகும் விஷயத்தை முதலில் சொல்கிறார். அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்த ஒரு மணி நேரம் எனக்கு ஒரு வகுப்பு. 2022 ஜூன் 4-ம் தேதி முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்து, சென்னையிலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கிளம்பியது எனக்கு நினைவில் இருந்தது. அந்த மாதம் நடந்த இன்னொன்று நினைவில் இல்லை. பயணத் திட்டத்தில் புதுச்சேரி இருந்தது. கப்பலில் சூதாட்டம் இருக்கிறது என்று அங்கே எதிர்ப்பு கிளம்ப, அரசு அனுமதி தரவில்லை. பயணிகள் அங்கே இறங்காமலேயே சென்னைக்குத் திரும்பினார்கள்.

"இப்படி ஒரு ஊர் விட்டுப்போச்சுன்னா காசு திரும்ப வருமா?" என்றேன்.

"பொதுவா வராது. எந்த ஊர்ல நிக்கிறது, நிக்காம போறதுன்னு முடிவு பண்ற உரிமை கப்பல்காரங்களுக்கு இருக்குன்னு உலகம் முழுக்க எல்லா ஒப்பந்தத்துலயும் எழுதியிருக்கும். அதை நீங்க கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி சொல்றதுதான் ஏஜென்ட் வேலை" என்றார்.

பிறகு விலை. தி.நகர் ஆபீஸில் இருவருக்கும் சேர்த்து 58,000 ரூபாய் சொல்லியிருந்தார்கள். இவர் சொன்னது 77,000. அப்பாவின் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு, ஒரு தாளை எடுத்துப் பிரித்து எழுதினார். விளம்பரத்தில் 'முதல்' என்று போடும் தொகை, பெரும்பாலும் ஜன்னல் இல்லாத உள் கேபினுக்கு, இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் அடிப்படைக் கட்டணம். அதன் மேல் துறைமுகக் கட்டணம், ஊழியர்களுக்கான சர்வீஸ் சார்ஜ், ஜி.எஸ்.டி. ஜன்னல் வேண்டும் என்றால் கூடுதல். பால்கனி என்றால் அதற்கும் மேல். மதுபானங்கள், கரையில் இறங்கிச் சுற்றிப் பார்க்கும் டூர் எல்லாம் தனிக் காசு. (என் கட்டுரையின் இரண்டாவது பத்தியில் அந்த 'முதல்' தொகையை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன்.)

"ஏஜென்டுக்குக் கப்பல் கம்பெனி கமிஷன் தரும் சார். நான் தள்ளுபடி கொடுத்தா அந்தக் கமிஷன்லருந்துதான் கொடுக்க முடியும். துறைமுகக் கட்டணத்துலயும் வரியிலயும் யாரும் தள்ளுபடி தர முடியாது. அதனால நேரா வெப்சைட்ல போட்டாலும், என்கிட்ட போட்டாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. யாராவது இருபதாயிரம் குறைச்சு சொன்னா, ஒண்ணு எதையோ சேர்க்காம சொல்றாங்க, இல்லன்னா உங்க பணத்துல வேற யாருக்கோ டிக்கெட் போடறாங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை விளக்கச் சொன்னேன். இன்று வந்த அட்வான்ஸில் போன மாத வாடிக்கையாளரின் பாக்கியைக் கட்டுவது, அடுத்த மாதம் வருபவரின் பணத்தில் இன்றைய டிக்கெட்டைப் போடுவது. தொழில் நன்றாக ஓடும்வரை எல்லோருக்கும் டிக்கெட் கிடைக்கும். ஒரு மாதம் ஆள் குறைந்தால் வரிசையின் கடைசியில் நிற்பவர் மாட்டிக்கொள்வார். "திருடணும்னு எல்லாரும் ஆரம்பிக்கறதில்ல. சுத்தி விடறதுல மாட்டிக்கறாங்க" என்றார். அந்த ஜூஸ் கொடுத்த பையனின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது.

அதனால்தான் பணம் அவர் கணக்குக்கே வர வேண்டாம் என்றார். கப்பல் நிறுவனத்தின் பேமென்ட் லிங்க்கை அப்பாவின் போனுக்கு அனுப்பினார். கிரெடிட் கார்டில் கட்டச் சொன்னார். சேவை கிடைக்காவிட்டால், கார்டு கொடுத்த வங்கியிடம் அந்தத் தொகையை மறுத்துப் புகார் செய்ய வழி இருக்கிறது, தனிநபருக்கு யு.பி.ஐ-யில் அனுப்பிய பணத்துக்கு அப்படி ஒரு வழி கிடைப்பது கஷ்டம். தன்னுடைய சேவைக்கு 1,500 ரூபாய் தனியாக வாங்கிக்கொண்டு, அதற்கு பில் கொடுத்தார்.

பெயரில்தான் கொஞ்சம் இழுபறி. அப்பாவுக்கு ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், வாக்காளர் அட்டையில் முன்னால், பான் கார்டில் தாத்தாவின் முழுப் பெயர். தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் இதே கதைதான். "எந்த அட்டையைத் துறைமுகத்துல காட்டப் போறீங்களோ, அதுல இருக்கற மாதிரியே டிக்கெட்ல இருக்கணும்" என்று எழுத்து எழுத்தாகப் பார்த்தார். அம்மாவின் பெயரையும்தான். அந்தப் பி.டி.எஃப்-பில் தப்பாக இருந்த பெயர்.

பத்து நிமிஷத்தில் புக்கிங் நம்பர் வந்தது. "என்னை நம்ப வேண்டாம். அவங்களுக்கே போன் பண்ணி இந்த நம்பரைச் சொல்லிக் கேளுங்க" என்றார். அங்கேயே உட்கார்ந்து கேட்டேன். இரண்டு பெயர், கேபின் வகை, கட்டிய தொகை எல்லாம் சரியாகச் சொன்னார்கள். வெளிநாட்டுக்குப் போகும் டூர் பேக்கேஜாக இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு என்று சொல்லி அனுப்பினார். அதில் டி.சி.எஸ். என்ற வரியைப் பிடிப்பார்கள். அது நம் பான் எண்ணில், வருமான வரி இணையதளத்தின் 26ஏ.எஸ். படிவத்தில் சில மாதங்களில் வர வேண்டும். வரவில்லை என்றால், வரி என்று சொல்லி வாங்கியது எங்கே போனது என்று கேட்கலாம். அப்பா அதைக் கேட்டு மிகவும் சந்தோஷப்பட்டார். அவருடைய மொழி அது.

தி.நகர் பணத்துக்கு வருகிறேன். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தோம். முன்பின் தெரியாத ஆன்லைன் மோசடி என்றால், பணம் போன உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். நாங்கள் நேரில் பார்த்துக் கொடுத்த பணம் என்பதால் இந்த வழி. கூடவே, நடந்ததைத் தேதி வாரியாக எழுதி, பணத்தைத் திருப்பிக் கேட்டு, அந்த ஆபீஸ் முகவரிக்குப் பதிவுத் தபால் அனுப்பினார் அப்பா. கடிதத்தை அவரே எழுதினார். ஒரு வார்த்தை கோபம் இல்லை, ஒரு எண்கூடத் தப்பில்லை.

பத்து நாள் கழித்து 10,000 ரூபாய் வந்தது. ஜூலை முதல் வாரம் இன்னொரு 5,000. மீதி 10,000-க்கு 'செட்டில் பண்றோம் சார்' என்று மெசேஜ் மட்டும் வருகிறது, அதே கும்பிடு எமோஜியோடு. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வக்கீல் இல்லாமல் நாமே ஆன்லைனில் தாக்கல் செய்யலாம். 10,000 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று நான்தான் ஒரு நாள் கேட்டுவிட்டேன். "பத்தாயிரம் என்னோட ஒரு மாச மருந்துச் செலவும்மா" என்றார்.

அம்மாவிடம் கடைசிவரை சொல்லவில்லை, கப்பலையும் சரி, தி.நகரையும் சரி. ஜூலையில் ஒரு நாள் "பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு வேலை இருக்கு, நல்ல புடவையா கட்டிக்கோ" என்று கூட்டிப்போனோம். ராஜாஜி சாலையில் ஆட்டோ துறைமுக வாசலில் திரும்பியதும் அம்மா என்னைத்தான் பார்த்தாள். "இவர் வேலையா இது, உன் வேலையா?" நான் பதில் சொல்வதற்குள் அப்பா சூட்கேஸை இறக்கிவிட்டார்.

புதுச்சேரிக்கு வெளியே கப்பல் நின்றபோது அப்பா ஒரு போட்டோ அனுப்பினார். தூரத்தில் பழுப்பாக ஒரு கோடு, அதற்கு முன்னால் டெக்கில் அம்மா, கையில் காபி. போட்டில் இறங்குவதைப் பார்த்துவிட்டு, "எனக்கு வேண்டாம்பா, நீங்க போயிட்டு வாங்க" என்றிருக்கிறாள். அப்பாவும் போகவில்லை. முன்பே தெரிந்திருந்ததால் அதில் அவர்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. 'பாண்டிச்சேரி தெரியுது' என்று மட்டும் கீழே எழுதியிருந்தார்.

அன்று ராத்திரி ஷிஃப்டில் என் பழைய கட்டுரையைத் திறந்தேன். 'டிராவல் ஏஜென்டுகள் மூலமாகவோ' என்ற இடத்துக்குக் கீழே நாலு பத்தி சேர்த்தேன். 'முதல்' என்ற தொகைக்குப் பக்கத்தில் அதில் எதெல்லாம் சேராது என்று எழுதினேன். பழைய கட்டுரையை ஏன் அப்டேட் செய்கிறாய், டிராஃபிக்கே இல்லையே என்று டெஸ்க் சீனியர் கேட்டார். ஒரு வாசகர் திருத்தச் சொன்னார் என்றேன்.

அப்பா இப்போது நுகர்வோர் ஆணையத்துக்கான காகிதங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். யு.பி.ஐ ரசீது, வாட்ஸ்அப் மெசேஜ்களின் பிரின்ட், பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை, அந்த எழுத்துப் பிழை பி.டி.எஃப். எல்லாவற்றுக்கும் வரிசை எண் போட்டு, பச்சை டேக் கட்டி ஒரு ஃபைலில் வைத்திருக்கிறார். மேலே அவருடைய அக்கவுன்ட்ஸ் கையெழுத்தில் 'கப்பல்' என்று எழுதியிருக்கிறது.